கீழே கல்லாக உறைகிறது, மேலே குளிரவே இல்லை: கேஸ் போய்விட்டதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடமாக ஓடும் ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் கீழே இருக்கும் வகை. பத்து நாளாக மேல்பகுதியில் வைத்த பால் மறுநாளே திரிந்துவிடுகிறது. கீழே ஃப்ரீசரில் மட்டும் எல்லாம் கல் மாதிரி உறைந்திருக்கிறது. கடைசி டிரேயை வெளியே இழுத்தால் அடியில் கண்ணாடித் தகடு போல ஐஸ் படிந்திருக்கிறது. வந்து பார்த்த மெக்கானிக் எதையும் கழற்றாமலே, "கேஸ் போயிடுச்சு, அடிச்சாலும் எத்தனை நாள் நிக்கும்னு சொல்ல முடியாது, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ரிப்பேர் பார்ப்பதா, புதிதாக வாங்குவதா, வாங்கினால் மறுபடியும் ஃப்ரீசர் கீழே இருப்பதையே வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் 22 வருடமாக ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறேன். நீங்கள் சொன்ன அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்தால் என் சந்தேகம் முதலில் கேஸ் மேல் போகவில்லை. ஃப்ரீசரில் பொருள் உறைகிறது என்றால் கம்ப்ரசர் ஓடுகிறது, கேஸ் சுற்றுகிறது, குளிர் உண்டாகிறது என்று அர்த்தம். உண்டான குளிர் மேலே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். குளிர் உண்டாகாமல் போவது ஒரு கோளாறு, உண்டான குளிர் போய்ச் சேராமல் இருப்பது வேறு கோளாறு. இரண்டுக்கும் ஆகும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் புதிதாக வாங்கும் முடிவை இன்னும் நான்கு நாள் தள்ளிப் போடுங்கள் என்றுதான் முதலில் கேட்டுக்கொள்வேன்.

குளிர் எப்படி மேலே போகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் பெட்டி உச்சியில் இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது தானே கீழே இறங்கிக் காய்கறிப் பெட்டி வரைக்கும் வந்துவிடும். ஃப்ரீசரைக் கீழே கொண்டுபோனதும் இந்த வசதி போய்விடுகிறது. காற்றை மேலே தூக்கிவிட ஒரு ஃபேன் தேவைப்படுகிறது. ஃப்ரீசரின் பின்சுவருக்கு உள்ளே காயில் ஒன்று நிற்கும், அதாவது கேஸ் ஓடிக் குளிரும், அலுமினியத் தகடுகள் கோத்த வளைகுழாய். அதன் தலைமேல் இந்தச் சின்ன ஃபேன். காயிலைத் தொட்டுக் குளிர்ந்த காற்றில் பெரும்பகுதியை அது ஃப்ரீசருக்குள் தள்ளும், மீதியைப் பின்பக்கக் குழாய் வழியாக மேலே அனுப்பும். மேலே போகும் வழியில் டேம்பர் என்ற ஒரு சின்னக் கதவு உண்டு. எவ்வளவு காற்று போகலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். மேலே சுற்றிச் சூடான காற்று இன்னொரு வழியாகக் கீழே இறங்கிக் காயிலின் அடிப்பக்கம் வந்து சேரும். ஆக, மேல்பகுதிக்கென்று தனியாகக் குளிர் உண்டாவதே கிடையாது. கீழிருந்து கடன் வாங்கித்தான் அது ஓடுகிறது. வழியில் எங்கே அடைத்தாலும் முதலில் பட்டினி கிடப்பது மேல்பகுதிதான்.

அடைப்பதற்கு ஒரு பழைய எதிரி இருக்கிறது, பனி. கதவைத் திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே வருகிறது. அந்த ஈரம் காயிலில் பனியாகப் படியும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்று சொல்லும் வகையில் பனியே பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். பிடிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிடித்து, நமக்குத் தெரியாமலே உருகும். பழைய டைமர் வகைகளில் சுமார் 8 முதல் 12 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கம்ப்ரசர் நின்று, காயிலுக்கு அடியில் இருக்கும் ஹீட்டர் எரியும். புதிய வகைகளில் கதவு எத்தனை தடவை திறந்தது, எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்த்து, ஃப்ரிட்ஜை இயக்கும் மின்னணு போர்டே நேரத்தை முடிவு செய்யும். உருகிய தண்ணீர் காயிலுக்குக் கீழே உள்ள சரிவில் ஓடி, விரல் நுழையும் அளவுள்ள ஒரு துளை வழியாக இறங்கி, கம்ப்ரசர் மேலே இருக்கும் தட்டில் விழுந்து, அந்தச் சூட்டில் ஆவியாகிவிடும்.

உங்கள் டிரேக்கு அடியில் இருக்கும் ஐஸ் தகடு இங்கேதான் பேசுகிறது. ஹீட்டர் முழுவதும் செத்திருந்தால் தண்ணீரே உருவாகியிருக்காது, காயில் மட்டும் வெள்ளையாக மூடிக்கொண்டிருக்கும். தகடாக ஐஸ் பரவியிருக்கிறது என்றால் ஹீட்டர் உருக்கியிருக்கிறது, தண்ணீர் வந்திருக்கிறது, இறங்க வழி இல்லாமல் ஃப்ரீசர் தரையில் பரவி உறைந்திருக்கிறது. அந்தத் துளை ஐஸால் அடைத்துக்கொண்டுள்ளது என்பதை நான் ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்வேன். மேல்பகுதி குளிராததற்கும் அதுவே காரணமா என்பது மட்டும் நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாத இடம். பெரும்பாலும் அதுதான். வெளியேறாத தண்ணீர் ஒவ்வொரு சுற்றிலும் அடியிலிருந்து உறைந்து உறைந்து மேலேறும். காயிலின் அடிப்பாகத்தையும் காற்று திரும்பி வரும் வாயையும் ஐஸ் விழுங்கிவிடும். ஆனால் டேம்பர் மூடிய நிலையில் சிக்கிக்கொண்டாலும், ஃபேன் மோட்டார் பலவீனமானாலும், மேலே உள்ள சென்சார் தவறாகக் கணக்குச் சொன்னாலும் இதே மாதிரிதான் தெரியும்.

கேஸையும் முழுதாகத் தள்ளிவிடக் கூடாது. தண்ணீர் 0 டிகிரியில் உறைந்துவிடுகிறது. ஃப்ரீசர் மைனஸ் 7 டிகிரியில் இருந்தாலும் ஐஸ் கட்டி கல் மாதிரிதான் தட்டுப்படும். கையால் தொட்டுப் பார்த்து "நன்றாக உறைகிறது" என்று சொன்னால் அதை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரமாட்டேன். கேஸ் பாதி கசிந்த ஃப்ரிட்ஜிலும் கீழே ஐஸ் இருக்கும், மேலே குளிர் இருக்காது. ஐஸ்கிரீம் இதைவிட நல்ல சாட்சி. மைனஸ் 10 வாக்கில் அது கரண்டிக்கு வழிவிட ஆரம்பித்துவிடும். அதைவிட நல்லது ஒரு தெர்மாமீட்டர். ஃப்ரிட்ஜுக்கென்று விற்கும் சாதாரணமானதே போதும். உறைந்த இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே வைத்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். மைனஸ் 18 அல்லது அதற்கு மிக அருகில் காட்டினால் கேஸ் கதையை அங்கேயே முடித்துவிடலாம். மைனஸ் 10க்கு மேலே நின்றால் இரண்டு பக்கமும் சந்தேகம் இருக்கிறது, அடுத்த சோதனை அவசியம். மேல்பகுதிக்கு, நடுத்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து அதற்குள் தெர்மாமீட்டரைப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். காற்றின் அளவு கதவு திறக்கும்போதெல்லாம் குதிக்கும், தண்ணீர் நிதானமாகச் சொல்லும். 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்கு மனம் கேட்காது. மேலே 4 டிகிரியைத் தாண்டி 2 மணி நேரத்துக்கு மேல் இருந்த இறைச்சி, மீன், பால், சமைத்த உணவு எதையும் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோய் தரும் கிருமிகள் எல்லாமே நாற்றத்தைக் கொடுப்பதில்லை. இந்தக் கோளாறு சரியாகும்வரை மேல்பகுதியைக் குளிர்பதனப் பெட்டியாக நினைக்காமல் சாதாரண அலமாரியாக நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தையோ வயதானவரோ கர்ப்பிணியோ இருந்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

சரி, அடுத்து ஃபேன். கம்ப்ரசர் ஓடும்போது ஃப்ரீசர் கதவைத் திறந்தால் பல வகைகளில் ஃபேன் நின்றுவிடும். கதவுச் சட்டத்தில் இருக்கும் சின்ன பட்டனை விரலால் அழுத்திப் பிடித்தால் மறுபடி சுற்றும். பட்டன் இல்லாமல் காந்தத்தில் வேலை செய்யும் வகைகளும் உண்டு. அவற்றில் கதவுக்குள் இருக்கும் காந்தத்துக்கு நேரான இடத்தில் இன்னொரு காந்தத்தைக் காட்ட வேண்டும். சில வகைகளில் ஃபேன் ஓரிரு நிமிடம் தாமதித்துத்தான் கிளம்பும், அவசரப்படாதீர்கள். காது கொடுத்துக் கேளுங்கள். மெல்லிய ஒரே சீரான காற்றொலி வந்தால் நல்லது. சீட்டுக்கட்டைப் பிரிப்பது போலக் கரகரவென்று வந்தால் இறக்கை ஐஸில் உரசுகிறது. சத்தமே இல்லை என்றால் மோட்டார் போயிருக்கலாம், அல்லது ஐஸ் இறக்கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். எது என்று ஐஸ் உருகிய பிறகே தெரியும்.

அதனால்தான் எல்லாவற்றையும்விட நான் நம்பும் சோதனை, செலவே இல்லாத ஒன்று. முழுசாக உருக விடுவது. பொருள்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் 24 மணி நேரம் திறந்து வையுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று விட்டுவிட வேண்டாம், பிளக் வெளியே இருக்க வேண்டும். ஃப்ரீசர் அடியில் பழைய துண்டுகளைப் போட்டு வையுங்கள், நீங்கள் நினைப்பதைவிட அதிகத் தண்ணீர் வரும். கண்ணுக்குத் தெரியும் ஐஸ் போனதும் நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சுவருக்குப் பின்னால் காயிலைச் சுற்றியிருக்கும் ஐஸ் கடைசியாகத்தான் உருகும். வேகப்படுத்த வேண்டுமானால் ஒரு மேஜை ஃபேனைக் கொஞ்சம் தள்ளி வைத்து உள்ளே பார்த்து ஓட விடுங்கள், அல்லது ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வையுங்கள். கத்தி, திருப்புளி, கரண்டிக் காம்பு எதுவும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வேலை பழகிய முதல் வருடம் நானே அதைச் செய்திருக்கிறேன். ஒரு வீட்டில் பின்தட்டைக் கழற்றியதும் காயில் முழுக்க ஐஸ். பொறுமை இல்லாமல் திருப்புளியால் ஓரத்தைத் தட்டிப் பெயர்த்தேன். ஐஸோடு சேர்ந்து அலுமினியக் குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தது. "ஸ்ஸ்" என்று ஒரு சீறல், ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஒரு ஹீட்டர் மாற்றினால் பிழைத்திருக்க வேண்டிய ஃப்ரிட்ஜ் என் கையால் செத்தது. அந்த வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லி, காயில் மாற்றும் செலவை என் முதலாளி ஏற்றுக்கொண்டார். இன்றைக்கும் ஐஸைப் பார்த்தால் என் கை முதலில் துண்டைத்தான் தேடுகிறது.

உருகி முடிந்ததும், உங்கள் ஃப்ரிட்ஜில் துளை கண்ணுக்குத் தெரிந்தால் அதில் வெதுவெதுப்பான தண்ணீரைச் சின்ன சிரிஞ்சால் மெல்ல விட்டுப் பாருங்கள். பின்னால் கம்ப்ரசர் மேல் உள்ள தட்டில் விழும் சத்தம் கேட்டால் வழி திறந்துவிட்டது. கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளியும். பல பாட்டம் ஃப்ரீசர்களில் இந்தத் துளை பின்தட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும், அங்கே மெக்கானிக் கைதான் தேவை. குழாயின் கீழ்முனையில் சில வகைகளில் ரப்பர் மூக்கு ஒன்று இருக்கும். தூசியும் பிசுக்கும் சேர்ந்து அதன் உதடுகள் ஒட்டிக்கொண்டாலே தண்ணீர் தேங்கிவிடும். அதைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள்.

பிறகு கதவை மூடி ஓட விட்டு, ஒரு முழு நாள் கழித்து அதே இரண்டு அளவுகளைப் பாருங்கள். இரண்டும் சரியாகி, ஓரிரு வாரத்தில் பழைய கதை திரும்பினால் பனி உருக்கும் ஏற்பாட்டில் கோளாறு: ஹீட்டர், அதன் சென்சார், ஃப்யூஸ், போர்டு, அல்லது வடிகால். இரண்டும் சரியாகி மாதக்கணக்கில் சரியாகவே இருந்தால் ஏதோ ஒரு நாள் கதவோ டிரேயோ சரியாக மூடாமல் கிடந்திருக்கிறது. அது கோளாறே இல்லை. கீழே மைனஸ் 18 வந்தும் மேலே இறங்கவே இல்லை என்றால் ஃபேன், டேம்பர், மேல் சென்சார் ஆகிய மூன்றில் ஒன்று. முழுதாக உருக்கிய பிறகும் கீழேயே மைனஸ் 18 வரவில்லை என்றால், அப்போதுதான் கேஸையோ கம்ப்ரசரையோ சந்தேகப்பட நியாயம் இருக்கிறது.

அப்படி வந்தால்கூட மெக்கானிக்கிடம் பின்தட்டைக் கழற்றி, பத்து இருபது நிமிடம் ஓட விட்டு, காயிலைக் காட்டச் சொல்லுங்கள். கேஸ் சரியாக இருந்தால் காயில் முழுக்க ஒரே சீராக, மாவு தூவியது போல மெல்லிய பனி பிடிக்கும். கேஸ் குறைவாக இருந்தால் கேஸ் நுழையும் பக்கத்து ஒன்றிரண்டு வரிசையில் மட்டும் பனி, மீதி வெறும் அலுமினியமாக ஈரத்தோடு நிற்கும். இதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், கண் போதும். இதைக் காட்டாமல் கேஸ் என்று சொல்பவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கேஸ் பற்றி ஒரு பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. வண்டிக்குப் பெட்ரோல் போல அது தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆயுள் முழுக்கச் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் அடித்தால் அதே வழியாக மறுபடி போகும். இப்போதைய வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். தீப்பிடிக்கக் கூடியது. பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் அதன் அளவு 100 கிராமுக்கும் குறைவு, அதனால் சாதாரணமாக ஓடும் ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பயப்பட எதுவும் இல்லை. ஆனால் பழுது பார்க்கிறவர் ஜன்னலைத் திறந்து, நெருப்பு இல்லாமல், ஓட்டையை அடைத்து, டிரையர் என்ற ஈரம் உறிஞ்சும் வடிகட்டியை மாற்றி, வேக்கம் எடுத்து, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றி, கேஸைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். இவ்வளவு குறைந்த அளவில் 10 கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சி கெடும். கையளவாகக் கணக்குப் போட்டு ஏற்றுவது ஆகாது. ஒரு வீட்டில் ஒரே வருடத்தில் இரண்டு தடவை கேஸ் ஏற்றிய ஃப்ரிட்ஜ் என்னிடம் வந்தது. குழாயில் எந்த ஓட்டையும் இல்லை. பனி உருக்கும் சென்சார் ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவே இருப்பது, அதுதான் கெட்டிருந்தது. கேஸ் ஏற்றுவதற்காக ஃப்ரிட்ஜை அணைத்து வைத்த நேரத்தில் ஐஸ் உருகியதால்தான் இரண்டு தடவையும் சில நாள் "சரியாகி" இருந்திருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. மேலும் கீழும் தனித்தனிக் காயில் உள்ள ஃப்ரிட்ஜாக இருந்தால் நான் சொன்ன கணக்கு மாறும். மேல்பகுதியின் பின்சுவரில் காற்று வரும் துளைகள் அதிகம் இல்லாமல், சுவரே குளிர்ந்து நீர்த்துளி கோத்து, கீழே ஒரு வடிகால் துளையும் இருந்தால் மேலுக்கென்று தனிக் காயில் இருக்கிறது. அங்கே கேஸ் கொஞ்சம் குறைந்தாலும், கேஸைத் திருப்பிவிடும் வால்வு சிக்கினாலும் ஒரு பக்கம் மட்டும் குளிரும். உங்கள் ஃப்ரீசர் அடியில் ஐஸ் தகடு இருப்பதால் உங்களுடையது காற்றில் ஓடும் ஒற்றைக் காயில் வகை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் சுவரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரிப்பேரா புதிதா என்ற கேள்விக்கு என் அளவுகோல் வயதைவிட எந்த பாகம் என்பதுதான். வடிகால், ஹீட்டர், சென்சார், ஃபேன், டேம்பர், கதவு ரப்பர் என்றால் ஐந்து வருட ஃப்ரிட்ஜைத் தூக்கிப் போடவே கூடாது. போர்டு என்றால் விலையைக் கேட்டு யோசிக்கலாம். கம்ப்ரசர் போயிருந்தால் முதலில் உத்தரவாத அட்டையை எடுத்துப் பாருங்கள். கம்ப்ரசருக்கு மட்டும் நீண்ட உத்தரவாதம் தருவது வழக்கம், பலருக்கு அது நினைவிலேயே இருப்பதில்லை. ஃபோம் நிரப்பிய சுவருக்குள் குழாய் கசிகிறது என்று உறுதியானால், அங்கே மட்டும் நானும் புதிது வாங்கச் சொல்வேன். சுவரை அறுத்து ஒட்டிய ஃப்ரிட்ஜ் நிலைத்து ஓடி நான் அதிகம் பார்த்ததில்லை.

புதிது வாங்கும்படி ஆனால், ஃப்ரீசர் கீழே இருப்பதையே வாங்கலாமா? உங்கள் வீட்டில் எந்தக் கதவு அதிகம் திறக்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மேல்பகுதியைப் பல தடவை திறப்பார்கள், ஃப்ரீசரை எப்போதாவதுதான். அவர்களுக்கு இந்த வகை உண்மையிலேயே சுகம். காய்கறிப் பெட்டி இடுப்பு உயரத்தில் வந்துவிடுகிறது, முதுகு வளைய வேண்டியதில்லை. ஃப்ரீசரையே நாள் முழுக்கப் பயன்படுத்துகிறவர்களுக்கும், குனிந்து நிமிர முடியாத முழங்கால் வலிக்காரர்கள் ஃப்ரீசரைக் கையாள வேண்டிய வீட்டுக்கும் மேலே ஃப்ரீசர் இருப்பதே நல்லது. மின்சாரத்தில் மிச்சம் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரே அளவில் ஒப்பிட்டால் மேலே ஃப்ரீசர் உள்ளவையே பொதுவாகக் கொஞ்சம் குறைவாக இழுக்கும்.

கடையில் பார்க்கும்போது ஃப்ரீசரின் கடைசி டிரேயை முழுசாக வெளியே எடுத்துப் பாருங்கள். கம்ப்ரசர் அதன் பின்னால் உட்கார்ந்திருப்பதால் அந்த டிரே மற்றவற்றைவிட ஆழம் குறைவாக இருக்கும். சொல்லும் லிட்டரில் பாதிப் பொருள்கூட அதில் வைக்க முடியாத வகைகளைப் பார்த்திருக்கிறேன். கதவைத் திறந்து உள்ளே தனித்தனி டிரே இழுக்கும் வகையும், மேஜை அறை போல முழு ஃப்ரீசரும் வெளியே வரும் வகையும் உண்டு. நான் முதல் வகையைச் சொல்வேன். இரண்டாவதில் பொருள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும், அடியில் இருப்பது மறந்துபோகும். நிறைய ஏற்றினால் தண்டவாளம் லேசாகத் தொய்ந்து, ரப்பர் ஒரு பக்கம் ஒட்டாமல், மறுபடியும் நீங்கள் இப்போது பார்க்கும் அதே ஐஸில் வந்து நிற்கும். டிரே பக்கவாட்டுச் சுவரிலோ கதவிலோ இடிக்காமல் வெளியே வருகிறதா, அதற்குக் கதவு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் மூலையில் நிற்கப்போகிறது என்றால் இது பெரிய விஷயம்.

உள்ளே ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைப் படிக்கப் பழகுங்கள். அதில் தட்பவெப்ப வகுப்பு இருக்கும். SN என்றால் 10 முதல் 32 டிகிரி அறை வெப்பம் வரைக்கும், N என்றால் 16 முதல் 32, ST என்றால் 16 முதல் 38, T என்றால் 16 முதல் 43. கோடையில் சமையலறை 40 டிகிரியைத் தொடும் இடத்தில் N வகுப்பு ஃப்ரிட்ஜை வைத்தால் அது மூச்சுவாங்கிக்கொண்டேதான் ஓடும். ஃப்ரீசருக்கு நான்கு நட்சத்திரக் குறி இருந்தால் மைனஸ் 18 டிகிரியில் வைத்திருப்பதோடு, புதிய பொருளை உறைய வைக்கும் திறனும் உண்டு. இந்தக் குறி மின்சாரச் சிக்கனத்துக்குத் தரும் நட்சத்திரத்திலிருந்து வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். 24 மணி நேரத்தில் எத்தனை கிலோ உறைய வைக்கும் என்ற எண்ணும் போட்டிருக்கும். ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியில் ஐஸாக்க எடுக்க வேண்டிய வெப்பம், அதே தண்ணீரை 80 டிகிரியிலிருந்து 0 வரை குளிர வைப்பதற்கு ஏறக்குறைய சமம். ஒரே நாளில் ஃப்ரீசரை நிரப்பினால் மேல்பகுதி சூடாவது இதனால்தான், அது கோளாறு இல்லை.

புது ஃப்ரிட்ஜ் வந்த பிறகு பயந்து கூப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். பக்கச் சுவர் சூடாக இருப்பது இயல்பு, வெப்பத்தை வெளியேற்றும் குழாய் அதற்குள்தான் ஓடுகிறது. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் நிற்காமல் ஓடுவதும் இயல்பு, மெதுவாக நீண்ட நேரம் ஓடுவதுதான் அதன் வேலை. குமிழிச் சத்தமும் பிளாஸ்டிக் படபடவென்று தெறிக்கும் சத்தமும் அப்படியே. சில நிமிடத்துக்கு ஒருமுறை "டிக்" என்று கேட்டு, லேசாக உறுமி, மறுபடி "டிக்" என்று நின்றுபோவது மட்டும் இயல்பு இல்லை. கம்ப்ரசர் கிளம்ப முயன்று தோற்கிறது. உடனே அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வைக்கும் இடத்தில் கையேட்டில் சொன்ன இடைவெளியை விடுங்கள். படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி நிற்க விட்டுப் பிறகு போடுங்கள், குழாய்க்குப் போன எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்ப வேண்டும். முன்கால் ஒரு நூல் உயரமாக இருந்தால் கதவு தானே மூடும். கதவு ரப்பருக்கு நடுவே ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், எதிர்ப்பே இல்லாமல் வந்துவிடும் இடம்தான் ஈரக்காற்று நுழையும் இடம். இதை இப்போதைய ஃப்ரிட்ஜிலும் இன்றே செய்யலாம். உங்கள் ஐஸ் கதை ஒருவேளை அங்கிருந்தேகூடத் தொடங்கியிருக்கலாம். அப்புறம் மேல்பகுதியில் காற்று வரும் துளைகளுக்கு முன்னால் பெரிய பாத்திரத்தை ஒட்டி வைக்காதீர்கள்.

உருக்கி ஓட விட்டு ஒரு நாள் ஆனதும் தம்ளரில் எத்தனை டிகிரி, ஃப்ரீசரில் எத்தனை டிகிரி, ஃபேன் சத்தம் எப்படி என்ற மூன்றையும் இங்கேயே எழுதுங்கள். பின்தட்டைக் கழற்றினால் காயிலின் படம் ஒன்றும் போடுங்கள். அதைப் பார்த்தால் இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும்.